வண்டியை நிறுத்துவது டயர்

2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை 9.02 கி.மீ. நீளமுடையது. 3,978 மீட்டர் உயரத்தில் பனிமூடிக் கிடக்கும் ரோதங் கணவாயை ஏறிக் கடக்கும் தேவையை நீக்கி, லாஹௌல் பள்ளத்தாக்கைக் குளிர்காலத்திலும் மணாலியோடு இணைத்தது. அதன் விளைவாக, சமவெளியின் குடும்ப எஸ்.யூ.வி.கள் டிசம்பரிலும் சனவரியிலும் பனிச்சாலைகளில் ஏறுகின்றன. பாதை மாறியது, டயர் மாறவில்லை. தில்லியின் மே மாத வெயிலுக்கு ஏற்ற ரப்பரே சிஸ்ஸுவின் உறைபனி மீதும் உருள்கிறது.

இந்த முரண்பாட்டை மறைப்பது ‘நான்கு சக்கர இயக்கம்’ என்னும் விளம்பரச் சொல். அவ்வசதி வண்டியைக் கிளப்பவும் மேட்டில் ஏற்றவும் உதவும் என்பது உண்மை. ஆனால், பிரேக் எல்லா வண்டிகளிலும் ஏற்கெனவே நான்கு சக்கரங்களிலும்தான் இயங்குகிறது. வழுக்கும் இறக்கத்தில் இரு சக்கர இயக்க வண்டியைவிட நான்கு சக்கர இயக்க வண்டி விரைவாக நின்றுவிடாது. எளிதாகக் கிளம்பிய வண்டி எளிதாக நிற்கும் என்ற பொய்யான நம்பிக்கையை மட்டும் அது ஓட்டுநருக்குத் தருகிறது.

பள்ளி இயற்பியலே இதற்குச் சான்று. பிரேக் பிடித்தபின் வண்டி கடக்கும் தூரம் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும், உராய்வுக் கெழுவுக்கு எதிர்விகிதத்திலும் அமையும்; நிறை சமன்பாட்டில் அடிபட்டுப் போகிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில், உலர்ந்த தார்ச்சாலையில் (கெழு ஏறத்தாழ 0.7) வண்டி 9 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் (0.2) அது 31 மீட்டராகும்; கண்ணாடிபோல் உறைந்த பனிக்கட்டியில் (0.1) 63 மீட்டராகும். ‘கனமான வண்டி, பிடித்து நிற்கும்’ என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. நிறையும் இயக்கமும் மாற்ற முடியாத அந்தக் கெழுவை மாற்றக்கூடியது டயர் ஒன்றே.

குளிர்கால டயரின் சிறப்பு இரண்டு. ஒன்று, அதன் ரப்பர்க் கலவை. சாதாரணக் கோடை டயர் ஏறத்தாழ 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. குளிர்கால டயரோ உறைநிலைக்குக் கீழும் நெகிழ்வோடு சாலையைப் பற்றுகிறது. மற்றொன்று, பட்டன்களில் வெட்டப்பட்ட மெல்லிய கீறல்கள். அவை பனியைக் கவ்வும் விளிம்புகளாகவும், பனிக்கட்டி மேலுள்ள நீர்ப்படலத்தை அகற்றும் வாய்களாகவும் பயன்படுகின்றன. பெரிய பட்டன்களோடு முரட்டுத் தோற்றம் தரும் ‘ஆல் டெரெய்ன்’ டயர் சேற்றுக்கு உகந்தது; பனிக்கட்டிக்கும் அதுவே போதும் என்று கொள்வது பிழை.

ஆகவே, டயர் மாற்றும் குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது பக்கச்சுவரிலுள்ள குறியீட்டை. ‘எம்+எஸ்’ என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால், அது பட்டன் அமைப்பைக் குறித்துத் தயாரிப்பாளர் தாமே கூறிக்கொள்வது. மூன்று சிகரங்களுள்ள மலையும் அதனுள் பனித்துகளும் கொண்ட முத்திரை, பனிச்சோதனையில் தேறிய டயருக்கே உரியது. 2024 அக்டோபர் முதல் செருமனி குளிர்காலச் சாலைகளுக்கு இம்முத்திரையையே ஏற்கிறது. டயர்களை நான்காகவே மாற்ற வேண்டும். முன்னிரண்டை மட்டும் மாற்றினால் பின்பகுதி வழுக்கிச் சுழலும். சட்டம் கோரும் 1.6 மி.மீ. ஆழம் பனிக்குப் போதாது, 4 மி.மீ.க்குக் குறைந்தால் மாற்றுவதே நன்று.

இவை எல்லாருக்கும் ஒரே அளவில் பொருந்தா. ஆண்டுக்கு இரண்டு நாள் பனி காணவரும் சுற்றுலாக் குடும்பம் தனி டயர்த் தொகுதி வாங்குவது வீண்செலவு; சக்கரச் சங்கிலியோ, உள்ளூர் ஓட்டுநரின் வண்டியோ அவர்களுக்குப் போதும். காசுமீரிலும் லாஹௌலிலும் லடாக்கிலும் வாழ்வோரின் நிலை வேறு. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பனிச்சாலையிலேயே செல்லும் அவர்களுக்கு அது அடிப்படைத் தேவை. கோடையில் அந்த டயர்கள் விரைந்து தேயும் என்பதால் இரு தொகுதிகள் வேண்டும். ஒன்று ஓடும்போது மற்றொன்று தேயாது என்பதால், கூடுதல் செலவில் ஒரு பகுதி காலப்போக்கில் ஈடாகிவிடும்.

இதைத் தனிமனிதப் பொறுப்பாக மட்டும் விட்டுவிடுவது நியாயமன்று. கனடாவின் கியூபெக் மாகாணம் 2008 முதலே குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியுள்ளது. இந்தியாவின் டயர்த் தர விதிகளோ உருளல் எதிர்ப்பு, ஈரப்பிடிப்பு, ஓசை ஆகியவற்றையே முன்னிறுத்துகின்றன. நுட்பம் இந்நாட்டுக்குப் புதிதன்று: 2009-இல் வ்ரெடெஸ்டைனைக் கையகப்படுத்திய அப்போலோ நிறுவனம் ஐரோப்பாவில் குளிர்கால டயர்களை விற்கிறது. ஐரோப்பியக் குடும்பத்துக்கு இந்திய நிறுவனம் வழங்கும் காப்பு, கீலாங்கிலும் குப்வாராவிலும் வாழும் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும். மலையைக் குடைந்து சாலை அமைத்த அரசு, மலை மாவட்டங்களுக்கேனும் வரிச்சலுகையையும் பனிப்பிடிப்புத் தரத்தையும் வகுப்பது அச்சாலைப் பணியின் எஞ்சிய பகுதியே ஆகும்.