பழைய நாளுக்குத் திரும்பிப் போக முடிந்தால்...



பெண்கள் குழுக் கூட்டங்களில் ஒரு பேச்சு திரும்பத் திரும்ப வரும். "அண்டைக்கு அவரைப் போக வேண்டாமெண்டு மறிச்சிருந்தால்..." என்று ஒரு சகோதரி தொடங்குவார். "நாங்கள் ஒரு நாள் முந்தி வெளிக்கிட்டிருந்தால்..." என்று இன்னொருவர் தொடர்வார். வருடங்கள் பல சென்ற பின்னும் மனம் அந்த ஒரு நாளுக்கே போய் நிற்கிறது. அந்த நாளை மாற்ற முடியாதா என்று ஏங்குகிறது.

நினைத்த நாளுக்குப் போய்வரக் கூடிய ஒருவரின் கதையை பிரித்தானியாவின் பி.பி.சி தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு தொடங்கியது. "டொக்டர் ஹூ" என்பது அத்தொடரின் பெயர். அறிவியல் புனைகதை வகையைச் சேர்ந்த இது, இடையில் நின்று போனாலும் மீண்டும் எழுந்து, அறுபது வருடங்களைக் கடந்து விட்டது. காலத்தில் பின்னோக்கிப் போகக் கூடியவர், இறந்து போனவர்களைத் திருப்பிக் கொண்டு வருவாரா? இந்தக் கேள்விக்கு அத்தொடர் சொன்ன பதில் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. அந்த மாற்றத்தையே இம்மாதம் பார்க்கப் போகிறோம்.

சிறுவர்களுக்கான சனிக்கிழமை நாடகம்

1963 நவம்பர் 23ஆம் திகதி, சனிக்கிழமை மாலை, முதல் பகுதி ஒளிபரப்பானது. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள் அது. செய்தியின் அதிர்ச்சியில் பலர் பார்க்கவில்லை என்பதால், அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன்னர் அதை மீண்டும் போட்டார்கள்.

கதை எளிமையானது. தங்கள் மாணவி சூசன் எங்கே வசிக்கிறாள் என்று அறிய இரண்டு ஆசிரியர்கள் அவள் பின்னால் போகிறார்கள். பழைய சாமான்கள் குவிந்த ஒரு வளவினுள் பொலிசாரை அழைப்பதற்கான நீலநிறத் தொலைபேசிப் பெட்டி ஒன்று நிற்கிறது. அக்காலத்தில் பிரித்தானிய வீதிகளில் இத்தகைய பெட்டிகளைச் சாதாரணமாகக் காணலாம். ஆனால் இதன் உள்ளே போனால் பெரிய மண்டபம். அதுதான் காலத்தில் பயணம் செய்யும் "டார்டிஸ்". அதில் சூசனும் அவளுடைய தாத்தாவான "டொக்டர்" எனப்படுபவரும் வாழ்கிறார்கள். சொந்த உலகத்துக்குத் திரும்ப முடியாத பேரனும் பேர்த்தியுமாக நாம் கண்ட எத்தனையோ குடும்பங்களைப் போல, இவர்களும் ஊரற்றவர்கள்.

இத்தொடரை முதலில் தயாரித்தவர் வெரிட்டி லம்பேர்ட் என்ற பெண். அப்போது அவருக்கு வயது 27. பி.பி.சியின் நாடகப் பிரிவில் அன்று இருந்த ஒரே பெண் தயாரிப்பாளர் அவர். முதற் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் இந்தியாவின் லக்னோவில் பிறந்து சிறுவயதில் இங்கிலாந்துக்குச் சென்றவர். அவருக்கு வயது 24. "டலெக்" எனப்படும் உலோகக் கவசத்துள் வாழும் எதிரிகளைக் கதையில் சேர்ப்பதை மேலதிகாரிகள் விரும்பவில்லை. லம்பேர்ட் தம் முடிவில் உறுதியாக நின்றார். தம் இனம் மட்டுமே வாழ வேண்டும், மற்ற எல்லோரும் அழிய வேண்டும் என்று நினைக்கும் அந்த டலெக்குகளை நாசிகளை மனதில் வைத்தே டெரி நேஷன் எழுதினார். டலெக்குகளாலேயே தொடர் நாடெங்கும் புகழ் பெற்றது.

தொடரின் ஆரம்ப இசையின் பின்னாலும் ஒரு பெண் இருக்கிறார். மெட்டை அமைத்தவர் ரொன் கிரெய்னர். அதை ஒலிநாடாத் துண்டுகளை வெட்டி ஒட்டி, இதுவரை எவரும் கேட்டிராத ஓசையாக ஆக்கியவர் டெலியா டேர்பிஷயர். இவர் கொவென்ட்ரி நகரில் பிறந்தவர். 1940இல் அந்நகர் மீது குண்டுகள் வீசப்பட்டபோது சிறு பிள்ளை. விமானத் தாக்குதலை அறிவிக்கும் சைரன் ஒலியும், ஆபத்து நீங்கியதை அறிவிக்கும் ஒலியுமே தம்மை இத்தகைய ஓசைகளின் பக்கம் இழுத்தன என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பதுங்குகுழிக்குள் இருந்து ஓசைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். தன்னுடன் அவருடைய பெயரும் வரவேண்டும் என்று கிரெய்னர் விரும்பியும் நிறுவன விதி இடம் கொடுக்கவில்லை. 2001இல் டெலியா காலமானார். திரையில் அவர் பெயர் வந்தது 2013இல்தான்.

முதற் பதில்: மாற்றக் கூடாது

1964இல் வந்த "அஸ்டெக்குகள்" என்ற கதையில் சரித்திர ஆசிரியை பார்பரா பழைய மெக்சிக்கோவுக்குப் போகிறார். அங்குள்ளவர்கள் அவரைத் தெய்வம் என்று எண்ணி வணங்குகிறார்கள். அந்த அதிகாரத்தைக் கொண்டு நரபலியை நிறுத்திவிட பார்பரா முயல்கிறார். சரித்திரத்தில் ஒரு வரியைக் கூட மாற்றக் கூடாது என்று டொக்டர் தடுக்கிறார். பார்பரா தோற்றுப் போகிறார். எனினும் அங்கிருந்த ஒரு மனிதரின் மனதை அவர் மாற்றியிருந்தார். ஒரு சமூகத்தைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் ஒருவருக்கு உதவினாய் என்று டொக்டர் அவரைத் தேற்றுகிறார்.

இது சிறுவர்களுக்குச் சரித்திரம் கற்பிக்கும் நோக்குடன் எழுதப்பட்டது. ஆகவே பதிலும் பள்ளிக்கூட விதியைப் போல இருந்தது. மாற்றக் கூடாது, அவ்வளவுதான். இழந்தவரின் துயரத்துக்கு அங்கே அதிக இடம் இருக்கவில்லை.

முகம் மாறியது

டொக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னலின் உடல்நலம் குன்றியது. தொடரை நிறுத்துவதற்குப் பதிலாக 1966இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டொக்டர் சாகும் நிலைக்கு வரும்போது அவர் உடல் மாறிப் புதிய ஒருவராகிறார். முகம் வேறு, குணமும் ஓரளவு வேறு. ஆனால் பழைய நினைவுகள் அவரோடு இருக்கின்றன. இந்த மீளுருவாக்கமே தொடரின் ஆயுளை நீட்டியது எனலாம். கூட இருப்பவர்கள் அவரைப் புதிதாகப் பழகிக் கொள்ள வேண்டியிருக்கிறது. அவரும் தம்மைத் தாமே பழகிக் கொள்ள வேண்டியிருக்கிறது.

பெண் பாத்திரங்களின் மாற்றம் இவ்வளவு இலகுவாக நடக்கவில்லை. நீண்ட காலமாக டொக்டருடன் பயணம் செய்யும் பெண்ணுக்கு இருந்த வேலை கேள்வி கேட்பதும், பயந்து அலறுவதும், காப்பாற்றப்படுவதுமே. 1973இல் பத்திரிகையாளரான சாரா ஜேன் ஸ்மித் வந்தார். தொழிலும் சொந்தக் கருத்தும் உள்ள பெண்ணாக அவர் படைக்கப்பட்டார். நடித்தவர் எலிசபெத் சிலேடன். 1976இல் டொக்டர் அவரை இறக்கி விட்டுப் போய் விடுகிறார். முப்பது வருடங்களுக்குப் பின் 2006இல் அதே நடிகை அதே பாத்திரமாகத் திரும்பி வந்து, ஏன் என்னை விட்டுப் போனீர்கள் என்று கேட்கிறார். 2007 முதல் 2011 வரை அவரையே கதாநாயகியாகக் கொண்டு சிறுவர்களுக்கான தனித் தொடரும் வந்தது. தொடங்கும்போது சிலேடனுக்கு அறுபது வயது கடந்திருந்தது.

1989இல் மூலத் தொடர் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே இன்னொரு இழப்பும் நேர்ந்திருந்தது. அறுபதுகளின் ஒளிநாடாக்களை பி.பி.சி அழித்துவிட்டு மீண்டும் பயன்படுத்தியது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளின் படம் இன்று இல்லை. ஆயினும் அவை அனைத்தினதும் ஒலி மட்டும் தப்பியிருக்கிறது. காரணம், வீட்டில் தொலைக்காட்சியின் முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிவு செய்த இரசிகர்கள். நிறுவனம் காக்காததைச் சாதாரண மனிதர்கள் காத்தார்கள். வெளிநாடுகளுக்கு விற்கப்பட்ட பிரதிகளில் ஒன்பது பகுதிகள் நைஜீரியாவில் கண்டெடுக்கப்பட்டதாக 2013இல் அறிவிக்கப்பட்டது. புகைப்பட அல்பங்களைக் கைவிட்டு ஓடியவர்களுக்கு, ஒரு படம் எங்கிருந்தோ கிடைப்பதன் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாம் பதில்: கையைப் பிடித்திருக்கலாம்

2005இல் ரசல் ரி. டேவிஸ் என்ற எழுத்தாளர் தொடரை மீண்டும் தொடங்கினார். இப்போது டொக்டர் ஒரு பெரும் போரிலிருந்து தனியாகத் தப்பியவர். அவருடைய உலகம் அழிந்து விட்டது. தான் மட்டும் ஏன் தப்பினேன் என்ற குற்ற உணர்வு அவரை விடுவதில்லை. அவருடன் பயணம் செய்யும் ரோஸ், லண்டனில் கடையொன்றில் வேலை செய்த 19 வயதுப் பெண். அரசாங்கத் தொடர்மாடி வீட்டில், கணவனை இழந்த தாய் ஜாக்கியால் தனியாக வளர்க்கப்பட்டவள்.

அவ்வருடம் வந்த "தந்தையர் தினம்" என்ற கதையைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். ரோஸ் கைக்குழந்தையாக இருந்தபோது, 1987இல், தந்தை பீட் வீதி விபத்தில் இறந்தார். அருகில் எவருமின்றித் தனியாக இறந்தார் என்று தாய் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். அந்தக் கடைசி நேரத்தில் அவருடன் இருக்க வேண்டும் என்று டொக்டரைக் கேட்டு அந்த நாளுக்குப் போகிறாள். ஆனால் கண்முன்னே வாகனம் வரும்போது பார்த்துக் கொண்டிருக்க அவளால் முடியவில்லை. ஓடிப்போய்த் தந்தையைத் தள்ளிக் காப்பாற்றி விடுகிறாள்.

அதனால் காலமே கிழிந்து உலகம் அழியத் தொடங்குகிறது. நடந்ததைத் தந்தை மெல்ல மெல்லப் புரிந்து கொள்கிறார். இந்த வளர்ந்த பெண் என் மகள், நான் இறந்திருக்க வேண்டியவன் என்று விளங்கியதும், தாமே அந்த வாகனத்தின் முன் போகிறார். ரோஸ் அவர் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக் கொள்கிறாள். அதன் பின் தாய் சொல்லும் கதை சிறிது மாறுகிறது. உன் அப்பா இறக்கும்போது ஒரு பெண்பிள்ளை வந்து அவர் கையைப் பிடித்துக் கொண்டிருந்தாள் என்கிறார். சாவு மாறவில்லை. தனிமை மட்டும் மாறியது.

நேர்மையாகச் சொல்வதானால் தொடர் எப்போதும் இந்தப் பதிலில் நிற்கவில்லை. 2013இல் வந்த ஐம்பதாவது ஆண்டு நிறைவுக் கதையில், டொக்டரின் அழிந்த உலகம் உண்மையில் அழியாமல் மறைத்து வைக்கப்பட்டது என்று மாற்றினார்கள். இரசிகர்கள் மகிழ்ந்தார்கள். நாடகத்தில் அது முடியும்.

மூன்றாம் பதில்: சாட்சியாக நிற்றல்

2018இல் முதன்முறையாக ஒரு பெண், ஜோடி விட்டேக்கர், டொக்டராகத் தொடரை நடத்திச் சென்றார். 2017இல் அறிவிப்பு வந்தபோதே எதிர்ப்புக் குரல்களும் எழுந்தன. வேற்று உலகத்தவர், சாகாமல் உடல் மாறுபவர் என்பதையெல்லாம் ஏற்றுக் கொண்ட சிலரால், அவர் பெண்ணாக மாறுவதை மட்டும் ஏற்க முடியவில்லை. பால்நிலை பற்றிய எண்ணங்கள் எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கின்றன என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அவ்வாண்டு நவம்பர் 11ஆம் திகதி ஒளிபரப்பான "பஞ்சாபின் பேய்கள்" என்ற கதையை விநய் பட்டேல் எழுதினார். பிரித்தானிய நகரான ஷெபீல்டில் வாழும் யாஸ்மின் என்ற இளம் பெண்ணுக்கு அம்மம்மா உம்பிரீன் ஓர் உடைந்த கைக்கடிகாரத்தைக் கொடுக்கிறார். இதைத் திருத்தவே கூடாது என்கிறார். காரணம் சொல்லவில்லை. யாஸ்மின் டொக்டருடன் 1947 ஆகஸ்ட் மாதத்துக்குப் போகிறாள். இந்தியாவும் பாகிஸ்தானும் பிரிந்து, ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்த காலம் அது. அங்கே முஸ்லிம் பெண்ணான உம்பிரீன் மணமகளாக நிற்கிறார். மணமகன் யாஸ்மினின் தாத்தா அல்லர். பிரேம் என்ற இந்து இளைஞர். அம்மம்மா ஒருபோதும் சொல்லாத முதற் கணவர்.

புதிய எல்லைக்கோடு இரு குடும்பங்களின் காணிகளுக்கு நடுவே போகிறது. திருமணம் நடக்கிறது. ஆயுதம் தாங்கியவர்கள் வருகிறார்கள். அவர்களை அழைத்து வந்தவன் பிரேமின் சொந்தத் தம்பி. தாயும் மகளும் தப்பி ஓட, பிரேம் பின்னால் நின்று அவர்களைத் தடுக்கிறார். சுடப்படுகிறார். பிரேமைக் காப்பாற்றினால் யாஸ்மின் பிறக்க மாட்டாள். டொக்டரும் தோழர்களும் அழுதபடி திரும்பி நடக்கிறார்கள்.

அங்கே இரண்டு வேற்றுலகத்தவர்களும் இருக்கிறார்கள். கொலைகாரர்கள் என்றே எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். உண்மையில் அவர்கள் தங்கள் உலகம் அழிந்தபோது தூரத்தில் இருந்தவர்கள். திரும்பி வந்தபோது அழுவதற்குக் கூட எவரும் மிஞ்சவில்லை. அன்றிலிருந்து, எவரும் அறியாமல் தனியாக இறப்பவர்களின் அருகே போய் நின்று, அவர்களை நினைவில் வைப்பதையே கடமையாகக் கொண்டிருக்கிறார்கள். பிரேம் விழும்போதும் அவர்கள் அருகில் நிற்கிறார்கள்.

"மாற்றக் கூடாது" என்று ஆசிரியரைப் போலக் கண்டித்த தொடர், "கையைப் பிடித்திரு" என்று சொல்லப் பழகி, கடைசியில் "பார்த்தவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்" என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. இதையே அதன் உண்மையான வளர்ச்சி என்று நான் கருதுகிறேன்.

கதையின் முடிவில் யாஸ்மின் வீடு திரும்புகிறாள். கைக்கடிகாரத்தின் கதையைச் சொல்லட்டுமா என்று அம்மம்மா கேட்கிறார். இன்னொரு நாள் சொல்லுங்கள் என்று அவள் அன்போடு சொல்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. துயரக் கதையைத் தோண்டி எடுப்பதல்ல உதவி. சொல்லும் நாளும் சொல்லாத நாளும் அவருடையது என்று காத்திருப்பதும் உதவிதான்.

2023 முதல் 2025 வரை டொக்டராக நடித்தவர் ஷூட்டி கட்வா. ருவாண்டாவில் பிறந்தவர். 1994இல் அங்கு இனப்படுகொலை நடந்தபோது குழந்தையாகக் குடும்பத்துடன் தப்பி ஸ்கொட்லாந்தை அடைந்தவர். ஊரற்ற தாத்தாவும் பேர்த்தியும் பற்றித் தொடங்கிய கதையில், உண்மையாகவே ஊரை விட்டு ஓடிய ஒரு பிள்ளை நாயகனாக வந்து நின்றார்.

சகோதரிகளே, டார்டிஸ் எங்கள் எவரிடமும் இல்லை. அந்த நாளை எங்களால் மாற்ற முடியாது. மறித்திருக்கலாமே என்று உங்களை நீங்களே குற்றம் சாட்டிக் கொள்ள வேண்டியதும் இல்லை. அன்று உங்களுக்குத் தெரிந்ததை வைத்தே அன்று முடிவெடுத்தீர்கள். ஆனால் அவர் எப்படிச் சிரிப்பார், எந்தக் கறியை விரும்பிச் சாப்பிடுவார், பிள்ளையை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்பதை அறிந்த சாட்சி நீங்கள்தான். விரும்பிய நாளில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுச் சகோதரி தன் கதையைச் சொல்லத் தொடங்கினால் இடைமறிக்காமல் பக்கத்தில் இருங்கள். அவர் சொல்லாவிட்டால், தேநீரைக் கொடுத்து விட்டுச் சும்மா இருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.