ஜீப்புக்குச் சட்டை தைக்கும் பையன்கள்

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. ஏலத் தோட்டத்துக் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வளைவுகளில் ஏறுகின்றன. நெற்றியில் சாமி பெயர். பின்னால் பிள்ளைகள் பெயர்.

அந்த ஜீப்பை இப்போது செல்போனுக்குள்ளும் ஓட்டுகிறார்கள்! அதற்கு வர்ணம் பூசுவதுதான் பையன்களின் புது வித்தை. "ஸ்கின்" என்கிறார்கள். தோல் என்று பொருள். சட்டை என்றால் இன்னும் பொருந்தும்.

"படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?" என்று தகப்பனார் கோபப்படுகிறார். கோபம் நியாயமானதுதான். ஆனால் விளையாடுவது வேறு. வர்ணம் பூசுவது வேறு. இரண்டையும் ஒரே பிரம்பால் அடிக்கக்கூடாது.

தையற்காரர் வேலை

சட்டையைத் தையல் பிரித்துத் தரையில் விரித்தால் எப்படி இருக்கும்? முதுகு ஒரு துண்டு, கை ஒரு துண்டு, கழுத்துப்பட்டி ஒரு துண்டு. அதுபோல, காரின் கதவு, பானெட், கூரை எல்லாவற்றையும் பிரித்து ஒரே சதுரப் படத்தில் பரப்பியிருக்கும். பக்கத்துக்கு 2048 புள்ளிகள் கொண்ட சதுரம் வழக்கத்தில் இருக்கிறது. அதன் மேல் வரைந்து கொடுத்தால், வண்டியின் மேல் அது போர்த்திக்கொள்ளும்.

கேட்க எளிது. செய்து பார்த்தால் தெரியும்! முன் கதவில் தொடங்கிய கோடு, பின் கதவில் இரண்டு விரற்கடை இறங்கி நிற்கும். சில வண்டிகளில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே துண்டுதான். ஒரு பக்கம் "போடி" என்று எழுதினால், மறு பக்கம் அது கண்ணாடியில் பார்த்ததுபோலப் புரண்டு நிற்கும். திருத்தவேண்டும். மறுபடி போர்த்திப் பார்க்கவேண்டும். அளவும் பொறுமையும் இதில் தானாக வருகின்றன. செலவும் இல்லை. "கிம்ப்" என்ற படம் வரையும் புரோகிராம் இலவசம்.

இந்தோனேசியாவின் மாலியோ கம்பெனி 2017இல் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. ஓட்டுகிறவரே வர்ணம் பூசிக்கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பஸ், கேரளத்துப் பஸ் எல்லாம் அதில் ஓடுகின்றன. கம்ப்யூட்டரில் பந்தயக் கார் ஓட்டுகிறவர்களுக்கு, 2014இல் வந்த "அசெட்டோ கோர்சா" என்ற இத்தாலிய விளையாட்டு இருக்கிறது.

நிறத்துக்கு விலை

மெய்யான பந்தயத்திலும் வர்ணம் சில்லறை விஷயமல்ல. முன்பு நாட்டுக்கு ஒரு நிறம். இங்கிலாந்துக்குப் பச்சை; இத்தாலிக்குச் சிவப்பு. 1968இல் லோட்டஸ் குழு பச்சையைக் கழற்றிப் போட்டது. ஒரு சிகரெட்டுக் கம்பெனியின் சிவப்பையும் பொன் நிறத்தையும் பூசிக்கொண்டது. மற்றக் குழுக்களும் அந்த வழியில் போயின. காரின் உடம்பே விளம்பரப் பலகை ஆயிற்று!

நிறம் பார்த்து விலை சொல்வது போடிக்காரர்களுக்குப் புதிதா? பச்சை கெடாத பருமனான ஏலக்காய்க்கு ஒரு விலை. வெளுத்த காய்க்கு வேறு விலை.

தகப்பனார் கோபத்தை ஓர் இடத்துக்கு மிச்சம் வைக்கவேண்டும். எவனோ இரவெல்லாம் வரைந்ததை இறக்கி, அவன் பெயரை அழித்து, தன் பெயரைப் போட்டுக்கொள்ளும் பையன்களும் உண்டு. தோட்டத்தில் காய் திருடினால் சும்மா விடுவார்களா? "இது நீ வரைந்ததுதானா?" என்று கேட்கவேண்டும். வரைந்து காட்டச் சொல்லவேண்டும்.

பரீட்சைக் காலத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். மற்ற நாட்களில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கொடுக்கலாம். பிளெக்ஸ் பேனர் வந்தபின் வேலை குறைந்துபோன எழுத்துக்காரர் யாராவது பக்கத்துத் தெருவில் இருப்பார். பையனை அவரிடம் அனுப்பினால் இன்னும் நல்லது. ஜீப்பின் கதவில் "ழ" எழுதும்போது சுழியை எங்கே முடிப்பது என்று அவர் காட்டிக்கொடுப்பார்.