ஒரு சாட்சி போதுமா?

தியானப் பகுதி: யோசுவா 22:10-34



சித்தூரில் குடியிருந்து, பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தூரத்திலுள்ள திருப்பதிக்குச் சிறிய கார் ஒன்றில் வேலைக்குச் சென்றுவரும் சகோதரர் ஒருவரை அறிவேன். ஒரு சமயம் அவருடைய கார் கரும்புகை கக்கத் தொடங்கிற்று. பெட்ரோல் வழக்கத்திற்கு மிஞ்சிச் செலவாயிற்று. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தது. பார்த்தவர் ஒருவர், "எஞ்சின் தேய்ந்துவிட்டது, பிரித்துத்தான் ஆகவேண்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். சகோதரரோ அந்த ஒரு வார்த்தையின்மேல் எஞ்சினைப் பிரிக்க மனதில்லாமல், வீட்டு வாசலிலேயே காரை நிறுத்திச் சோதித்துப் பார்த்தார்.

இக்காலத்துக் கார்களில் எவ்வளவு பெட்ரோல் செலுத்தவேண்டும் என்பதை ஒரு சிறு கணினி தீர்மானிக்கிறது. அதற்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. எஞ்சினில் பொருத்தப்பட்ட சென்சார்கள் சொல்வதையே அது அறியும். அவற்றுள் ஒன்று கூலன்டின் வெப்பத்தைச் சொல்லும் சென்சார். பல சிறிய கார்களில் அதன் மின்தடை 20 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 2,500 ஓம் இருக்கும். 80 டிகிரியில் ஏறத்தாழ 300 ஓமாகக் குறைந்துவிடும். அந்தச் சென்சார் பழுதாகி, கொதிக்கிற எஞ்சினைக் குளிர்ந்திருக்கிறது என்று அறிவித்தால், கணினி அதை அப்படியே நம்பிப் பெட்ரோலை மிகுதியாகச் செலுத்தும். கரும்புகை அதனால் வருகிறது. எஞ்சினிடத்தில் குற்றமில்லை, அதைக்குறித்துச் சொல்லப்பட்ட செய்தியே பொய்.

நம் சகோதரர் எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தார். சூடாயிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் வெந்துபோகச் செய்யும். பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினார். ஒயர் அறுந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தார். பின்பு சென்சாரைக் கழற்றி வெந்நீரில் அமிழ்த்தி, மல்டிமீட்டரால் அளந்தார். வெந்நீரிலும் அது குளிர்ந்த நீரின் அளவையே காட்டிற்று. புதிய சென்சாரையும் அவர் சோதியாமல் பொருத்தவில்லை. அதையும் குளிர்ந்த நீரிலும் வெந்நீரிலும் அளந்த பிறகே, புதிய வாஷருடன் திருகி, குறைந்த கூலன்டை நிரப்பினார். எஞ்சினை ஓடவிட்டு, மின்விசிறி சுழலும்வரை நின்று, கசிவில்லை என்று கண்டார். புகை நின்றது. சில நூறு ரூபாயில் காரியம் முடிந்தது.

புதிய சென்சாரையும் சோதிப்பது வீண்வேலை என்று எண்ணவேண்டாம். 2018 அக்டோபர் 29 அன்று ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்ட லயன் ஏர் நிறுவனத்தின் போயிங் 737 மேக்ஸ் விமானம் ஜாவா கடலில் விழுந்து, அதிலிருந்த 189 பேரும் மாண்டார்கள். காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை அளக்கும் சென்சார் ஒன்று அதற்கு முந்தின நாளில்தான் மாற்றப்பட்டிருந்தது. அது 21 டிகிரி தவறாகக் காட்டியதை விசாரணை வெளிப்படுத்திற்று. விமானத்தில் அப்படிப்பட்ட சென்சார்கள் இரண்டு இருந்தன. ஆயினும் மூக்கைக் கீழே தள்ளும் தானியங்கி அமைப்பு ஒன்றை மாத்திரம் கேட்டது, மற்றதைக் கேட்கவில்லை. 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவிலும் ஒரு சென்சாரின் தவறான அறிவிப்பால் 157 பேர் மாண்டார்கள். அதன்பின்பே இரண்டு சென்சார்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி அந்த அமைப்பு திருத்தப்பட்டது.

பிரியமானவர்களே, ஒரே சாட்சியின் வார்த்தையினால் ஒருவன்மேல் குற்றம் நிலைவரப்படலாகாது என்று உபாகமம் 19:15-லேயே கர்த்தர் கட்டளையிட்டிருக்கிறார். நம் ஆண்டவர் மத்தேயு 18:16-லும், அப்போஸ்தலனாகிய பவுல் 1 தீமோத்தேயு 5:19-லும் அதையே வலியுறுத்துகிறார்கள். நாமோ கைபேசியில் வந்த ஒரே செய்தியை நம்பிப் பெற்ற பிள்ளையை நியாயந்தீர்க்கிறோம்.

ஒரு தகப்பனார் ஊரில் இருந்தார், மகன் பெங்களூரில் வேலைசெய்தான். ஞாயிறு காலையில் அவன் அறைக்குச் சென்ற உறவினர் ஒருவர், "ஆராதனை நேரத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறான், பின்வாங்கிப்போனான்" என்று அறிவித்தார். உறவினர் கண்டது மெய்தான். ஆனால் அவன் இரவுப்பணி முடித்து விடியற்காலையில் வந்தவன் என்பதையும், மாலை ஆராதனைக்குத் தவறாமல் செல்கிறவன் என்பதையும் அவர் விசாரிக்கவில்லை. தகப்பனாரும் விசாரிக்கவில்லை. பதினொரு மாதங்கள் மகனோடு பேசாதிருந்தார். தாயார் அண்டைவீட்டாரின் கைபேசியில் ஒளித்துப் பேசிக்கொண்டிருந்தார். உண்மை வெளியானபோது தகப்பன் மகனைச் சேர்த்துக்கொண்டார். ஆனால் கடந்துபோன பதினொரு மாதங்களை யார் திரும்பக் கொடுக்கக்கூடும்?

யோர்தானுக்கு அக்கரையில் குடியேறிய ரூபன், காத், மனாசேயின் பாதிக் கோத்திரத்தார் ஒரு பெரிய பீடத்தைக் கட்டினார்கள். செய்தி கேட்ட இஸ்ரவேலர் யுத்தத்திற்குச் சீலோவிலே கூடினார்கள். ஆயினும் பட்டயத்தை உருவுமுன்னே பினெகாசையும் பத்துப் பிரபுக்களையும் அனுப்பினார்கள். அவர்கள் நதியைக் கடந்து சென்று நேருக்குநேர் கேட்டார்கள். அது பலியிடுவதற்கான பீடமல்ல, தூரத்தில் வாழும் தங்கள் சந்ததியும் கர்த்தருக்குச் சொந்தமென்பதற்கு அடையாளமாகக் கட்டப்பட்டது என்று அறிந்து சமாதானத்தோடே திரும்பினார்கள். பின்வாங்குதல் என்று கேள்விப்பட்டது உண்மையில் பக்தியாயிருந்தது! விசாரியாதிருந்தால் சகோதரர் இரத்தம் சிந்தப்பட்டிருக்கும்.

ஆகையால் பெற்றோரே, எச்சரிக்கை விளக்கு எரியும்போது அதைக் கறுப்புத் தாளால் மூடிவிடாதிருங்கள். காதில் விழுந்ததை அசட்டைபண்ணவும் வேண்டாம், உடனே தண்டிக்கவும் வேண்டாம். பேருந்து ஏறிச் சென்று மகனோடே உட்கார்ந்து சாப்பிடுங்கள். மகளிடம் அன்பாய்க் கேளுங்கள். அவர்கள் செல்லும் சபையின் ஊழியரிடத்தில் விசாரியுங்கள். நகரத்தில் வாழும் பிள்ளைகளே, நீங்களும் வீட்டாருக்கு உங்கள் வேலைநேரத்தையும் ஆராதனை நேரத்தையும் சொல்லிவையுங்கள். உங்கள் மௌனம் வேறொருவரின் அரைகுறைச் செய்திக்கு இடங்கொடுக்கும்.

இந்த மாதத்தில், கேள்விப்பட்ட ஒரு செய்தியினிமித்தம் நீங்கள் பேசாதிருக்கிறவர் யாரென்று ஜெபத்தில் ஆராய்ந்து பாருங்கள். அவரிடத்தில் நீங்களே முதலாவது செல்லுங்கள். சமாதானத்தின் தேவன் தாமே உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.