பென்சில் கதையும் மழுங்கிய மூக்கும்

விண்வெளியில் எழுதும் பேனாவுக்காக நாசா பல கோடி டாலரைக் கொட்டியதாம். ரஷ்யர்கள் பென்சிலை எடுத்துப் போனார்களாம். 'மாத்தி யோசி' வகுப்புகளில் தவறாமல் வரும் கதை. படிப்பு பொறியாளரின் கண்ணை மறைக்கும், புது வழி வெளியாளுக்குத்தான் தெரியும் என்று அதிலிருந்து ஒரு முடிவும் சொல்வார்கள். கதையும் தவறு, முடிவும் தவறு.

முதலில் பணம். அந்தப் பேனாவைத் தன் சொந்தச் செலவில் உருவாக்கியவர் பால் ஃபிஷர் என்ற பேனா உற்பத்தியாளர். நாசா வாங்கியது 400 பேனா. ஒன்று 6 டாலர்.

அடுத்து பென்சில். நாசாவும் முதலில் கொண்டுபோனது பென்சிலைத்தான். எடையற்ற நிலையில் முனை உடைந்தால் துணுக்கு கீழே விழாது, மிதக்கும். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். கருவிக்குள் புகுந்தால் ஷார்ட் சர்க்யூட். பென்சில் தீப்பிடிக்கவும் செய்யும். 1967 ஜனவரியில் அப்போலோ 1 தீயில் மூன்று பேரைப் பறிகொடுத்தவர்களுக்கு அது சின்ன விஷயமா? 1969-ல் சோவியத் யூனியனும் ஃபிஷர் பேனாவையே வாங்கியது. வகுப்பில் இதைச் சொல்வதில்லை.

பேனா கதை போகட்டும், படிப்பு கண்ணை மறைப்பது உண்மைதானே என்பார்கள். அதுவும் இல்லை என்பதற்கு ஓர் உதாரணம். 1950-களின் தொடக்கத்தில், விண்ணிலிருந்து திரும்பும் ஏவுகணையின் மூக்கு ஊசியாக இருக்க வேண்டும் என்பதே பொது நம்பிக்கை. ஆனால் ஊசிமூக்கு வெப்பம் தாங்காது. கலிஃபோர்னியாவின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஜூலியன் ஆலன் வேறு கேள்வி கேட்டார்: வேகம் வெப்பமாக மாறியே தீரும், அது உலோகத்துக்குள் போகிறதா, காற்றுக்குள் போகிறதா? மூக்கு மழுங்கலாக இருந்தால் பலமான அதிர்வலை எழுந்து, உடலை ஒட்டாமல் முன்னால் தள்ளி நிற்கும். வெப்பத்தின் பெரும்பங்கு காற்றோடு போய்விடும். மெர்க்குரி, அப்போலோ கலங்கள் அகன்ற அடிப்பாகத்தை முன்னே காட்டித் திரும்பி வந்தது இதனால்தான்.

ஆலன் வெளியாள் அல்ல, காற்றியக்கவியலில் ஊறியவர். இழுவையைக் குறை என்பது அத்துறையின் அரிச்சுவடி. இங்கே இழுவைதான் காப்பாற்றும் என்று அவர் சொல்ல முடிந்தது, மொத்த இழுவையில் உராய்வின் பங்கு எவ்வளவோ அதைப் பொறுத்தே உடலுக்குள் வெப்பம் ஏறும் என்று சக ஆய்வாளர் எக்கர்ஸுடன் கணக்குப் போட்டுக் கண்டதால்.

இந்த 'மாத்தி யோசி'க்கு லேட்டரல் திங்கிங் என்ற பெயரை 1967-ல் பரப்பிய எட்வர்ட் டி போனோவே, படிப்படியான சிந்தனையும் அதுவும் ஒன்றுக்கொன்று துணை என்றுதான் எழுதினார். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு பொறியியல் மாணவர்களிடம் 'கணக்கைத் தூக்கிப் போடு' என்பது பெரிய அநியாயம்.