அரசாங்கத்தை நம்பவில்லை! அதற்காக ஆயுதம் எடுக்கலாமா?



கொஞ்ச நாளாக நம் ஊர்களில் ஒரு பேச்சு நடமாடுகிறது. டீக்கடையிலும் களத்துமேட்டிலும் நம் வீட்டுத் தம்பிமார் பேசுகிறார்கள்: "மனு கொடுத்தாச்சு, மறியல் பண்ணியாச்சு, உண்ணாவிரதமும் இருந்தாச்சு. இந்த அரசாங்கத்தை நம்பிப் பிரயோஜனமில்லை. இனி புரட்சிதான். அடிச்சு நொறுக்கினாத்தான் வழி பிறக்கும்!" சங்கக் கமிட்டியிலேயே இந்தக் கேள்வி வந்துவிட்டது. "சங்கம் என்ன சொல்லுது அண்ணாச்சி?" என்று நேருக்கு நேராகக் கேட்கிறார்கள். மழுப்பாமல் பதில் சொல்லத்தான் இந்தத் துண்டுப் பிரசுரம்.

நம்பிக்கை போனது யாரால்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அரசாங்கத்தை நம்பாதது குற்றமே இல்லை. பட்டவன் நம்ப மாட்டான்.

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊர் உலகமெல்லாம் குளிக்க வருகிறது. அந்தத் தண்ணீர் சிற்றாறாக இறங்கி, கால்வாய் வழியாகக் குளத்துக்கு வந்து சேர்ந்தால்தான் நமக்குக் காரும் பிசானமும். குளம் தூர்ந்து கிடக்கிறது. மடை உடைந்து கிடக்கிறது. மாசாமாசம் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கிறோம். "நடவடிக்கையில் உள்ளது" என்று ஒரு தாள் வருகிறது. அடுத்த மாசமும் அதே மனு, அதே தாள்! செண்பகவல்லி தடுப்பணை உடைப்பைச் சரிசெய்யச் சொல்லி வாசுதேவநல்லூர், சிவகிரி விவசாயிகள் தாத்தா காலத்திலிருந்து கேட்கிறார்கள். இராமநதி - ஜம்புநதி மேல்மட்டக் கால்வாய் எத்தனை தேர்தல் மேடையில் ஓடியது! மேடையில் ஓடிய வேகத்தில் மண்ணில் ஓடவில்லையே.

இதெல்லாம் தாமதம். இதைவிடக் கொடுமை தூத்துக்குடியில் நடந்தது. ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி நடந்த போராட்டத்தின் நூறாவது நாள், 2018 மே 22, கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலமாகப் போன ஜனங்கள் மேல் போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். இதைப் பார்த்த பிறகும் "பொறுமையா இருங்க, அரசு பார்த்துக்கொள்ளும்" என்று புத்தி சொல்ல வருகிறவர்களுக்கு நம் சங்கத்தில் இடமில்லை.

ஆகவே கேள்வி, நம்பலாமா வேண்டாமா என்பதல்ல. நம்பிக்கை போனதே ஆயுதப் புரட்சியில் இறங்கப் போதுமான நியாயமா என்பதுதான்.

நம் சீமையில் நடந்த கணக்கு

இந்தக் கேள்வி நம் மண்ணுக்குப் புதுசு இல்லை. 1908 பிப்ரவரிக் கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னே நின்றார்கள். ஒன்பதே நாளில் வெள்ளைக்கார முதலாளி இறங்கி வந்தான், கூலி உயர்ந்தது. அரசாங்கம் பொறுக்குமா? மார்ச் 12-இல் தலைவர்களைக் கைது செய்தது. மறுநாள் திருநெல்வேலியே எழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நாலு உயிர் போனது. வ.உ.சி.க்கு முதலில் விதித்த தண்டனை 40 வருஷம்!

அந்த ஆத்திரத்தில்தான் இரகசியச் சங்கங்கள் பிறந்தன. தென்காசியிலும் கூடினார்கள். செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டு, தானும் சுட்டுக்கொண்டு இறந்தார். அன்றைக்கு நம் ஜனங்களுக்கு ஓட்டு இல்லை, ஜெயிலில் செக்கிழுக்க வைத்த காலம். வாஞ்சியின் துணிச்சலை நாம் குறைத்துப் பேச மாட்டோம்.

ஆனால் விவசாயி கணக்குப் பார்க்காமல் விதைப்பதில்லை. ஆஷ் போனான், அந்த நாற்காலியில் இன்னொரு வெள்ளைக்காரன் உட்கார்ந்தான். போலீஸ் ஊர் ஊராகச் சல்லடை போட்டது. நீலகண்ட பிரம்மச்சாரியும் கூட்டாளிகளும் ஜெயிலுக்குப் போனார்கள். நெல்லைச் சீமையில் இயக்கம் பல வருஷம் மூச்சுக் காட்டவில்லை. வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்திலோ உழுகிறவன் வரியைப் பற்றியும், உழைக்கிறவன் கூலியைப் பற்றியும் ஒரு சொல் கிடையாது. மில் தொழிலாளிகள் ஒன்பது நாள் ஒன்றாக நின்று வாங்கியதை அந்தக் குண்டு வாங்கித் தரவில்லை.

நம்பாதவன் யாரை நம்பப் போகிறான்?

தம்பிமாரே, இதை நல்லா யோசியுங்கள். தாசில்தாருக்கு மேலே கலெக்டர் உண்டு. கலெக்டருக்கு மேலே கோர்ட்டு உண்டு. எல்லாருக்கும் மேலே அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் நம் ஓட்டு உண்டு. இத்தனை மூக்கணாங்கயிறு போட்டும் இந்த மாடு நம் சொல்லுக்கு நடக்கவில்லை என்கிறோம். அப்படியானால் இரகசியமாகக் கூடி, இரகசியமாக முடிவெடுத்து, கையில் ஆயுதமும் வைத்திருக்கிறவனுக்கு என்ன கயிறு? அவன் வரவு செலவை யார் கேட்பது? அவன் தப்புச் செய்தால் எந்தக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுப்பது? அரசாங்கத்தை நம்பாதவன் அவனை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பணுமாம்!

பக்கத்து இலங்கையைப் பாருங்கள். ஜே.வி.பி. கட்சி 1971-இல் கிராமத்துச் சிங்கள இளைஞர்களைத் திரட்டி ஆயுதம் எடுத்தது. 1987 முதல் 1989 வரை மறுபடி எடுத்தது. சொன்னபடி கடையடைக்காதவனுக்கும், கருத்து மாறுபட்ட தொழிற்சங்கக்காரனுக்கும் அவர்களே மரண தண்டனை கொடுத்தார்கள். அரசாங்கமோ அதற்குப் பல மடங்கு கொன்றது. பல்லாயிரம் பிள்ளைகள் போனார்கள். அத்தனையும் சாதித்தது என்ன? ஒன்றுமில்லை.

அதே நாட்டில் 2021-இல் அரசாங்கம் ஒரே உத்தரவில் இரசாயன உரத்தை நிறுத்தியது. விளைச்சல் விழுந்தது. அதோடு அந்நியச் செலாவணி வறண்டு பெட்ரோலுக்கும் கேஸுக்கும் தட்டுப்பாடு. 2022-இல் ஜனங்கள் துப்பாக்கி இல்லாமல் தெருவுக்கு வந்தார்கள். ஜூலை மாசம் ஜனாதிபதி கோத்தபய நாட்டைவிட்டே ஓடினார். ரெண்டு தரம் ஆயுதம் எடுத்துத் தோற்ற அந்த ஜே.வி.பி.யின் தலைவர் 2024-இல் ஓட்டு வாங்கி ஜனாதிபதி ஆனார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஜெயித்தவன் எப்படி ஜெயித்தான்?

"மனுக் கொடுத்தே சாகச் சொல்றீரா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை.

பம்புசெட் கரண்டுக் கட்டண உயர்வை எதிர்த்து 1970 ஜூன் 19-இல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் குண்டுக்குப் பலியானார்கள். 1972-இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை நகரையே மாட்டுவண்டிகளால் அடைத்தார்கள். 1980 டிசம்பர் 31-இல் நம் பக்கத்துக் குறிஞ்சாக்குளத்திலும் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. நாயுடு 1984 டிசம்பரில் நம் கோவில்பட்டியில்தான் கண்ணை மூடினார். குண்டு வாங்கியது நாம். திருப்பிச் சுடவில்லை. ஆனால் கலையவும் இல்லை. 1990-இல் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் என்றானது. இன்றைக்கு உங்கள் கிணற்று மோட்டார் ஓடுவது அந்த இரத்தத்தில்!

இன்னொன்று. 2017-இல் நம் தமிழ்நாட்டு விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓட்டோடு உட்கார்ந்தார்கள். பத்திரிகைகள் படம் போட்டன. அரசாங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. 2020 நவம்பரில் பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் அதே டெல்லியின் எல்லையில் உட்கார்ந்தார்கள். ஒரு வருஷத்துக்குப் பின், 2021 நவம்பரில், மூன்று வேளாண் சட்டங்களும் வாபஸ். என்ன வித்தியாசம்? துப்பாக்கியா? இல்லை. அங்கே போனது கொஞ்சம் பேர். இங்கே ஊர் ஊராக முறை வைத்துப் போனார்கள். டிராக்டர் டிரெய்லரில் மாசக்கணக்குக்கு மாவும் பருப்பும் ஏற்றினார்கள். போனவன் வயலை இருந்தவன் பார்த்துக்கொண்டான். 2021 ஜனவரி 26-இல் செங்கோட்டைக்குள் சிலர் புகுந்து கலவரமானதே, அன்றுதான் அந்தப் போராட்டம் உடையப் பார்த்தது. ஆட்சியாளர் காத்திருந்ததும் அந்த ஒரு நாளுக்குத்தான்!

தூத்துக்குடியும் அப்படித்தான். 13 உயிர் கொடுத்த ஜனங்கள் ஆயுதம் எடுக்கவில்லை. ஆலைக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. 2024-இல் சுப்ரீம் கோர்ட்டும் திறக்க அனுமதிக்கவில்லை.

அப்ப ஒருக்காலும் கூடாதா?

ஓட்டும் இல்லை, கோர்ட்டும் இல்லை, நாலு பேர் கூடிப் பேசவும் வழியில்லை என்று எல்லா வாசலையும் அடைத்துவிட்டால், எழுந்த ஜனங்களைக் குற்றம் சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது. நெற்கட்டும்செவல் பூலித்தேவன் கப்பம் கட்ட மறுத்து எழுந்தது அப்படிப்பட்ட காலம். தெலங்கானா விவசாயிகள் 1946-இல் நிஜாம் ஆட்சியில் ஆயுதம் எடுத்ததும் அப்படித்தான். ஆனால் அவர்களே 1951-இல் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். அடுத்த தேர்தலில் அவர்கள் தலைவர் ரவி நாராயண ரெட்டி நேருவைவிட அதிக ஓட்டு வாங்கினார். நம்பிக்கை போவது ஒன்று. வாசல் அடைபடுவது வேறொன்று.

நம் வாசல் அடைபட்டிருக்கிறதா? பாதி சாத்தியிருக்கிறது. நாம் சேர்ந்து தள்ளினோமா? புரட்சிக்கு உயிரைத் தருகிறேன் என்கிற தம்பி, சங்கத்துக்கு ஆண்டுச் சந்தா தர மறந்துவிடுகிறான்! நூறு வீட்டு ஊரில் குறைதீர்க்கும் நாளுக்கு வருவது அஞ்சாறு பேர். அதிகாரிக்கு எப்படிப் பயம் வரும்?

நம்பாதவன் செய்ய வேண்டியது

1. ஒரு மடைக்கு ஒருத்தர் மனுக் கொடுப்பது போதும். இனி ஆயக்கட்டு முழுக்கக் கையெழுத்துப் போட்டு, வீட்டுக்கு ஒருவர் நேரில் போக வேண்டும்.

2. "நடவடிக்கையில் உள்ளது" என்று பதில் வந்தால், 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் என்ன நடவடிக்கை, யார் மேசையில் என்று கேட்க வேண்டும். 30 நாளில் பதில் தந்தாகணும்.

3. கிராமசபையில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாமல், நம் தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்றி நகல் வாங்க வேண்டும்.

4. கேட்டும் நடக்காவிட்டால் காத்திருப்புப் போராட்டம். ஊருக்கு ஒரு நாள் முறை. போகிறவன் வயலுக்குப் பக்கத்து வயல்காரன் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.

5. சங்கத்தின் வரவு செலவை ஊர் முன்னால் வாசிப்போம். எங்களையும் சும்மா நம்பாதீர்கள், கணக்குக் கேளுங்கள்!

ஆட்சியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்திப் பேசிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் சாத்தும் ஒவ்வொரு கதவும் எங்கள் பேச்சைப் பொய்யாக்குகிறது. பிறகு எங்களைக் கேட்காதீர்கள்.

நம்பி ஏமாந்தது போதும்!
நம்பாமல் ஒதுங்கியதும் போதும்!
வீட்டுக்கு ஒருவர் வாரீர்! விவசாயிகளே, திரண்டு வாரீர்!

இவண்,
செயலாளர் மற்றும் நிர்வாகக் குழுவினர்,
விவசாயிகள் சங்கம், தென்காசி.