பேன் மருந்து: இரண்டாம் முறை எப்போது?



பேன் தொல்லை பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரை நல்ல கட்டுரை. ஆனால் மருந்தை மறுபடி எப்போது போடுவது என்று அது சொல்லவில்லை. அது பெரிய குறை.

பொன்முடித் தேயிலைத் தோட்ட லயங்களில் பிள்ளைகள் ஒரே பாயில் நெருங்கிப் படுப்பவர்கள். ஒரு தலையில் பேன் ஏறினால் வீடு முழுக்கப் பரவும். பெர்மெத்ரின் லோஷனைப் போட்டு 10 நிமிடம் கழித்து அலசினால் பேன் சாகும், ஈறு தப்பிவிடும். அது 7 முதல் 10 நாளில் பொரியும். பொரிந்த குஞ்சு வளர்ந்து முட்டையிடுவதற்குள், 9ஆம் நாள் வாக்கில் இரண்டாம் முறை போட வேண்டும். இங்கே பல தாய்மார் மறுநாளே போட்டுவிடுகிறார்கள். மண்டை எரிந்து பிள்ளை அழுவதுதான் மிச்சம். காதோரத்திலும் பிடரியிலும் முடியின் அடியை ஒட்டியிருக்கும் ஈறுதான் கவலைக்குரியது. அடியிலிருந்து விரற்கடை தள்ளி வெளுத்திருப்பது பெரும்பாலும் வெறும் கூடு. அதைப் பார்த்துப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்புவது அநியாயம்.

மருந்து கொடுப்பவர்கள் இரண்டாம் முறைக்கான தேதியைச் சீட்டிலேயே எழுதித் தரட்டும். ஆஷா பணியாளர்கள் அன்று வந்து, வீட்டிலுள்ள எல்லார் தலையையும் பேன் சீப்பால் வாரிப் பார்த்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளி ஒருவர்,
பொன்முடி