கருவி எண்ணைச் சொல்லும், யார் கேட்பது?

பெங்களூரு லிங்கராஜபுரத்தில், ஹென்னூர் ரோட்டை ஒட்டிய எந்த மெடிக்கல் ஷாப்பிலும் இன்று பிபி மெஷின், சுகர் மெஷின், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் மூன்றும் கேட்டவுடன் கிடைக்கும். கொரோனாவுக்கு முன்னால் இவை பெரும்பாலும் டாக்டர் மேசையில் இருக்கும் பொருள்கள். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இவை வீட்டு அலமாரிக்கு இடம் மாறிவிட்டன. விலை ஏறிப் போனதால் 2021 ஜூலையில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஆக்சிமீட்டர், பிபி மெஷின், சுகர் மெஷின், நெபுலைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஆகிய ஐந்துக்கும் விநியோகஸ்தர் விலைக்கு மேல் 70 சதவீதம்தான் லாபம் வைக்கலாம் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. மாத்திரை நேரத்தில் மணி அடிக்கும் டப்பாவும், துடிப்பு எண்ணும் கைக்கடிகாரமும் அடுத்து வந்து சேர்ந்தன. ஆக, கருவி கைக்கு வந்துவிட்டது. அதோடு ஆரோக்கியமும் வந்ததா என்பதுதான் கேள்வி. கிடைத்திருக்கும் ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் பதில் தெளிவாகவே இருக்கிறது: கருவி சொல்லும் எண்ணைக் கேட்டு, அதற்கேற்ப மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ ஓர் ஆள் இருந்தால் நோய் அடங்குகிறது, இல்லாவிட்டால் வீட்டில் இன்னொரு மெஷின் இருக்கிறது, அவ்வளவுதான்.

ரத்த அழுத்தத்தையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் பிபி பார்ப்பது பற்றி நடந்த 25 சோதனைகளில் கலந்துகொண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து ஆராய்ந்த அறிக்கை ஒன்று 2017-இல் வெளியானது. மெஷினை மட்டும் கொடுத்து அனுப்பியவர்களுக்கு ஓராண்டு கழித்து மேல் அழுத்தம் வெறும் 1 புள்ளி குறைந்திருந்தது. குறைந்ததாகவே சொல்ல முடியாத அளவு. மெஷினோடு, அதன் கணக்கைப் பார்த்து மருந்தைச் சரிசெய்யவும், தொடர்ந்து பேசி வழிநடத்தவும் ஆள் இருந்த இடங்களில் 6 புள்ளிக்கு மேல் குறைந்தது. இரு தரப்புக் கைகளிலும் சுற்றியது ஒரே பட்டைதான்; வித்தியாசம் அந்த எண்ணுக்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது. அந்த எண் சரியாக வருவதற்கே ஒரு முறை இருக்கிறது. படியேறி வந்த மூச்சோடு உட்கார்ந்து சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றினால் வருவது நம் அழுத்தம் ஆகாது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிந்திருக்க வேண்டும், கை நெஞ்சு மட்டத்துக்கு இருக்க வேண்டும். அரை மணி நேரம் முன்பிருந்தே காபியும் பீடியும் கூடாது. கை பருமனாக இருப்பவருக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் அழுத்தம் கூடுதலாகவே காட்டும். பெட்டிக்குள் இருக்கும் ஆங்கிலச் சீட்டு இதையெல்லாம் சொல்கிறது என்பது உண்மைதான். தமிழும் உருதும் கன்னடமும் பேசும் ஒரு தெருவில் அதைப் படித்துக் காட்டுவது யார்?

சர்க்கரையில் கதை இன்னும் கூர்மையானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் இந்தியாப் (INDIAB) ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. இன்சுலின் போடுகிறவர்களுக்கு வீட்டில் சுகர் பார்ப்பது உயிர் காக்கும் காரியம். அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஆனால் மாத்திரை மட்டும் சாப்பிடும் பெரும்பான்மையோர் நிலை வேறு. அமெரிக்காவில் இன்சுலின் போடாத 450 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2017-இல் வந்தது. தினமும் விரலைக் குத்திப் பார்த்தவர்களுக்கும், பார்க்காதவர்களுக்கும் ஓராண்டுக்குப் பிறகு மூன்று மாத சராசரிச் சர்க்கரையில் குறிப்பிடும்படியான வேறுபாடு எதுவும் இல்லை. இங்கே ஒரு ஸ்ட்ரிப் பத்திலிருந்து இருபது ரூபாய் வரை ஆகிறது. தினம் ஒன்று என்றால் மாதம் 300 முதல் 600 ரூபாய். மக்கள் மருந்தகத்தில் அந்தக் காசுக்கு மாத்திரையே வாங்கிவிடலாம். மெஷினை மலிவாகக் கொடுத்துவிட்டு ஸ்ட்ரிப்பில் காசு பார்க்கும் வியாபாரத்தில், நோயாளிக்கு மாதா மாதம் வருவது செலவும் கவலையும்தான்.

மாத்திரையை நினைவூட்டும் கருவிகளைப் பொறுத்தவரை, உலகம் திரும்பிப் பார்த்த ஒரு முயற்சி பெங்களூரிலேயே பிறந்தது. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவில் உருவான 99டாட்ஸ் அது. மாத்திரை அட்டையைச் சுற்றி ஒரு காகித உறை இருக்கும். காசநோயாளி அன்றைய மாத்திரையை அழுத்தி எடுக்கும்போது, உறையில் அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியவரும். அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், மாத்திரை எடுத்தாயிற்று என்று பதிவாகிவிடும். பேட்டரி வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம், காசும் இல்லை. இதைவிட எளிய கருவியை நினைத்துப் பார்ப்பது கடினம். ஆனால் சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளின் வீட்டுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று சிறுநீரில் மருந்தின் தடயத்தைச் சோதித்தபோது வேறு ஒன்று தெரிந்தது. மருந்து உண்மையில் எடுத்திருந்தவர்களில் 70 சதவீதத்தினரைத்தான் மிஸ்டு கால் கணக்கு சரியாகச் சொன்னது. எடுக்காதவர்களில் 61 சதவீதத்தினரைத்தான் சரியாகப் பிடித்தது. மாத்திரையை விழுங்கிவிட்டு அழைக்க மறந்தவர் உண்டு. விழுங்காமலே அழைத்தவரும் உண்டு. அழைப்பு வராத பெயர்களைச் சிவப்பில் காட்டும் திரையை மட்டும் நம்பினால், ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பார், நிறுத்திவிட்டவர் கண்ணில் படாமல் நழுவுவார்.

சீனாவில் காசநோயாளிகளிடம் மணி அடிக்கும் மாத்திரை டப்பாவை வைத்துப் பெரிய அளவில் பார்த்தார்கள். 2015-இல் வெளியான முதல் சோதனையில், மருந்தில் ஐந்தில் ஒரு பங்காவது தவறவிட்ட மாதங்கள் 30 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாகக் குறைந்தன, நல்ல சேதிதான். ஆனால் 2023-இல் வந்த அடுத்த சோதனை இன்னும் ஆழமான கேள்வியைக் கேட்டது: நோயாளி பிழைத்தாரா, குணமானாரா, நோய் திரும்பியதா? அதில் டப்பா வைத்திருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதற்கு நேர்மாறாக, கென்யாவில் சாதாரண செல்போன் வழியாகவே நடந்த ஒரு சோதனை 2019-இல் வெளியானது. தினம் நினைவூட்டல் போகும். பதில் வராவிட்டால் முதலில் நோயிலிருந்து மீண்ட ஒருவர் போன் செய்து பேசுவார். அதற்கும் அசையாவிட்டால் மருத்துவமனை தொடர்புகொள்ளும். சிகிச்சை தோற்றுப்போனவர்கள் 13 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தார்கள். மணிக்குப் பின்னால் மனிதக் குரல் இருந்தது. அது கண்காணிக்கும் குரலாக அல்லாமல் கூட நிற்கும் குரலாக இருந்தது.

மாத்திரை ஏன் தவறுகிறது என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கருவி விற்பவர்களின் விளக்கம் ‘மறதி’. லிங்கராஜபுரத்துக்குப் பக்கத்திலுள்ள காடுகொண்டனஹள்ளியில், அதாவது கே.ஜி.ஹள்ளியில், பெங்களூரு பொது சுகாதார நிறுவனம் 9,299 வீடுகளில் கணக்கெடுத்து வெளியிட்ட ஆய்வுகள் வேறு விளக்கம் தருகின்றன. நாள்பட்ட நோயாளி இருந்த வீடுகளில் 16 சதவீதம், மாத வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெளிநோயாளி சிகிச்சைக்கே கொடுத்துக் கொண்டிருந்தன. மருத்துவமனையில் சேர்ந்து ஆபரேஷன் செய்த செலவு இதில் சேரவில்லை. மாதாமாதம் டாக்டருக்கும் மாத்திரைக்கும் ஆன செலவு மட்டும்தான். அப்படிப்பட்ட வீட்டில் இருபதாம் தேதிக்கு மேல் மாத்திரை தீர்ந்துபோனால், அதற்குக் காரணம் மறதி ஆகாது. காலி டப்பா எத்தனை முறை மணி அடித்தாலும் அதற்குள் மாத்திரை முளைக்காது.

இதில் புதிய ஞானம் ஏதும் வேண்டியதில்லை. தேவையான பாடம் லிங்கராஜபுரத்துக்குள்ளேயே இருக்கிறது. போலியோவால் பாதிக்கப்பட்ட என்.எஸ். ஹேமா 1959-இல் தொடங்கிய ஏ.பி.டி. என்ற மாற்றுத்திறனாளிகள் அமைப்பு அங்கிருந்துதான் இயங்குகிறது. சக்கர நாற்காலித் துறையில் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்த பழைய பாடம் ஒன்று உண்டு. நாற்காலியை மேடையில் வைத்து வழங்கிப் படம் எடுத்துக்கொள்வது சுலபம். உட்காருபவரின் இடுப்பளவு, கால் நீளம், வீட்டு வாசற்படி, தெருவின் குழி எதுவும் பார்க்காமல் கொடுத்த நாற்காலியில் அவருக்குப் புண் வரும், அல்லது அது மூலையில் துரு ஏறும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாற்காலி வழங்குவதை எட்டுப் படிகளாகப் பிரித்தது. அளவெடுப்பது, பொருத்திப் பார்ப்பது, பயிற்சி கொடுப்பது, பிறகு திரும்பிப் போய்ப் பார்ப்பது எல்லாம் அதில் உண்டு. பிபி மெஷினுக்கும் மாத்திரை டப்பாவுக்கும் இதே பாடம்தான். பொருத்திக் கொடுக்காத, திரும்பிப் போய்ப் பார்க்காத கருவி தானமாகலாம், சிகிச்சை ஆகாது.

இதற்கு உடனே வரும் மறுப்பு: ‘ஆளுக்கு எங்கே போவது? டாக்டரும் நர்ஸும் போதவில்லை என்றுதானே கருவியே வந்தது?’ நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஆள் டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெங்களூரிலிருந்து ஓசூர் ரோட்டில் எல்லை தாண்டினால் கிருஷ்ணகிரி மாவட்டம். அங்கே சாமனப்பள்ளி கிராமத்தில்தான் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. அந்தந்த ஊர்ப் பெண்களையே தன்னார்வலர்களாக எடுத்து, பையில் பிபி மெஷினும் சுகர் மெஷினும் கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். அளந்து பார்ப்பதோடு மாத்திரையையும் வீட்டிலேயே கொடுப்பதுதான் அதன் உயிர்நாடி. 2024-இல் அந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருது கிடைத்தது. கர்நாடகமும் அதே ஆண்டு கோலார் மாவட்டத்தில் ‘கிருஹ ஆரோக்கியா’ என்ற பெயரில் வீடு தேடிப் போகத் தொடங்கியது. அந்தப் பையில் இருப்பது மெடிக்கல் ஷாப்பில் விற்கும் அதே கருவிகள்தான். கூடவே ஓர் ஆளும் மாத்திரையும் போவதால் அவற்றுக்குப் பொருள் கிடைக்கிறது. ஆள் இல்லை என்பதைவிட, ஆளுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுக்க மனமில்லை என்பதுதான் உண்மைக்கு அருகில் இருக்கும்.

இன்னொரு மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்: ‘தன் உடம்பைத் தானே அறிந்துகொள்ள நோயாளிக்கு உரிமை இல்லையா? எல்லாவற்றுக்கும் டாக்டர் கையைப் பிடிக்கச் சொல்கிறீர்களா?’ அந்த உரிமையை மறுக்க இங்கே இடமே இல்லை. 2010-இல் வெளியான பிரிட்டிஷ் சோதனை ஒன்றில், பிபி கட்டுப்படாத நோயாளிகள் வீட்டிலேயே அளந்து, தாங்களே மாத்திரையைக் கூட்டிக்கொண்டார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிட அவர்களுக்கு மேல் அழுத்தம் 5 புள்ளிக்கு மேல் குறைந்தது. ஆனால் அவர்கள் மனம்போன போக்கில் கூட்டவில்லை. ‘இத்தனை நாள் இந்த எண்ணுக்கு மேல் இருந்தால் அடுத்த மாத்திரை இது’ என்று டாக்டரோடு முன்கூட்டியே பேசி எழுதி வைத்திருந்தார்கள். எண்ணைப் படிக்கும் அறிவைக் கையில் கொடுப்பதுதான் நோயாளிக்குக் கொடுக்கும் மரியாதை. அந்த அறிவு இல்லாத இடத்தில் எண் ஆபத்தாகவும் முடியும். ஆக்சிமீட்டர் கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாக ஆக்சிஜன் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு சொன்னது. ‘95 இருக்கிறது’ என்ற நிம்மதியில் மூச்சுத்திணறலை அலட்சியம் செய்யக்கூடாது. ஊசி குத்தாமலே சுகர் சொல்வதாக விற்கப்படும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் அளவை மாற்றினால் உயிரே போகலாம்.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. பிபி மெஷினை ஒவ்வொரு வீடும் வாங்கத் தேவையில்லை. நூலகப் புத்தகம் போல அரசின் ‘நம்ம கிளினிக்’கிலிருந்து ஒரு வாரத்துக்கு இரவல் கொடுத்து, எழுதிக் கொண்டுவரும் எண்களைப் பார்த்து மருந்தை முடிவு செய்யலாம். அந்த நம்ம கிளினிக்குகள் காலை 9 முதல் மாலை 4.30 வரை என்று தொடங்கப்பட்டவை. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களுக்கு அந்த நேரத்தில் ஒரு நாள் கூலி போய்விடும். மாலையிலும் திறந்திருப்பது எந்த ஆப்பையும்விடப் பெரிய வசதி. கருவியோடு வரும் சீட்டு கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் இருக்க வேண்டும். அதில் மூன்றே வரி போதும்: எந்த எண் வரை பயமில்லை, எந்த எண்ணுக்கு மேல் நாளை வர வேண்டும், எந்த எண்ணுக்கு மேல் இப்போதே ஆட்டோ பிடிக்க வேண்டும். மாத்திரை மாதக் கடைசியிலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அதுவரை, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மெஷின் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: அவர்கள் எழுதி வைத்திருக்கும் எண்களை அடுத்த முறை டாக்டரிடம் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்.